முதல் பந்தி

வடித்த சோறு அண்டாவில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. சாப்பிட ஒருத்தரும் வரவில்லை. விடுதி மெஸ்ஸின் நீள மேசைகளில் துடைத்ததையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள் எல்லம்மா. வெளியே பூந்தமல்லி நெடுஞ்சாலை வரைக்கும் கேட்கிற மாதிரி பிள்ளைகள் கோஷம் போட்டார்கள். தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யும்வரை வகுப்புக்கும் போவதில்லை, மெஸ்ஸில் கை நனைப்பதும் இல்லை என்று கல்லூரி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

தொட்டிச் சேதியை வெளியே விட்டதே எல்லம்மாதான். தரைக்கடியில் இருந்த அந்தத் தொட்டிக்கு மூடி உடைந்து மாதக்கணக்காகிறது. மோட்டார் அடைத்துக்கொண்ட ஒருநாள் எட்டிப் பார்த்தாள், செத்த எலி மிதந்தது. மெஸ் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் பக்தவத்சலத்திடம் ஓடினாள்.

"உன் வேலை இன்னா? பாத்திரம் கழுவறது. அத்தப் பாரு" என்றார் அவர்.

அதன்பிறகு விடுதியில் ஒவ்வொருவராக மஞ்சள் காமாலையில் படுத்தார்கள். கடைசி வருடம் படிக்கும் ஷர்மிளா, தட்டைக் கழுவப் போடும்போது நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவள். அவளுடைய அறைத்தோழியையும் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எல்லம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஷர்மிளாவிடம் சொல்லிவிட்டாள்.

"என் பேரு மட்டும் வெளிய வரக்கூடாது பாப்பா. எங்க ஊட்டுக்காரரு விரலு மிஷின்ல பூட்ச்சி. அவரு ஊட்லதான் கீறாரு. இந்த வேலையிலதான் அடுப்பெரியுது."

"சத்தியமா சொல்ல மாட்டேன்க்கா" என்றாள் ஷர்மிளா. தொட்டியைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியவள் அவள்தான். யார் காட்டிக்கொடுத்தது என்று மட்டும் வாயைத் திறக்கவில்லை.

மெஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் பிள்ளை சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வேலைக்காரப் பெண்கள் சாப்பிடலாம். அதுவும் பின்கட்டில், பாத்திரம் கழுவும் இடத்தில் குந்தி, ஆறிப்போன மிச்சத்தை. இன்று முதல் பிள்ளையே வரவில்லை. அதனால் இவர்களுடைய சாப்பாட்டு நேரமும் வரவில்லை. அவ்வளவு சோற்றையும் வைத்துக்கொண்டு விடியலில் குடித்த டீயோடு நாலு பெண்களும் நின்றார்கள்.

பக்தவத்சலம் சிரித்துக்கொண்டே வந்தார். அவர் சிரித்து அவர்கள் பார்த்ததில்லை.

"ஏம்மா, எல்லாம் வீணாத்தானே போவப் போவுது? உக்காந்து சாப்டுங்க."

"பின்னாடிதானே சார்?"

"பெஞ்சுலயே உக்காருங்கம்மா. நீங்களும் மனுசங்கதானே?"

தயங்கித் தயங்கி உட்கார்ந்தார்கள். அப்பளம்கூடப் பொரித்து வரச் சொன்னார். எல்லம்மாவுக்கு அந்தத் தண்ணீரின் நினைப்பு வராமல் இல்லை. ஆனால் இத்தனை நாளும் அதில் வெந்ததைத்தானே தின்றோம் என்று பிசைந்தாள். கொதிக்கக் கொதிக்க சாம்பார் உள்ளே இறங்கியதும் கண்ணில் நீர் வந்தது. பசி அப்படி.

"இன்னாடி எல்லம்மா, கல்யாண ஊடு மாதிரி கீது!" என்றாள் பக்கத்தில் இருந்த நாகம்மா. எல்லம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

"சாம்பார் எப்டி கீது?" என்று கேட்டார் பக்தவத்சலம். கையில் போன் இருந்தது.

"ஜோரா கீது சார்!" என்றாள் நாகம்மா.

சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ எல்லாப் போனிலும் ஓடியது. 'எங்கள் ஊழியர்களே விரும்பி உண்ணும் உணவு' என்று நிர்வாகம் மேலே எழுதியிருந்தது. நாகம்மாவின் குரலும் எல்லம்மாவின் சிரிப்பும் தெளிவாகக் கேட்டன.

மறுநாள் காலை திருமழிசையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய நாலு பெண்களையும் வாசலில் பிள்ளைகள் ஊளையிட்டு வரவேற்றார்கள். "கருங்காலி! கருங்காலி!"

"அப்டீன்னா இன்னாடி?" என்றாள் நாகம்மா.

எல்லம்மாவுக்குத் தெரியும். அவள் புருஷன் கன்னியப்பன் வேலை பார்த்த கம்பெனியில் ஸ்டிரைக் நடந்தபோது, உள்ளே போனவர்களை அவன் அப்படித்தான் திட்டுவான். காரித் துப்பிவிட்டுத் திட்டுவான். "ஒண்ணுமில்ல, நட" என்றாள்.

அடுத்த நாள் பேச்சுவார்த்தை நடந்தது. பிள்ளைகள் புதிதாக ஒரு கோரிக்கையைச் சேர்த்திருந்தார்கள்: பொய் சொன்ன மெஸ் ஆட்களை வேலையைவிட்டு நீக்க வேண்டும். தொட்டியை லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று நிர்வாகம் வாய்வார்த்தையாகச் சொன்னது. ஆட்களை நீக்குவதை மட்டும் உடனே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. போராட்டக் குழுவின் ரோஹித் மைக்கில் வெற்றி என்று கத்தியதும் பறை அடித்தார்கள், ஆடினார்கள்.

ஷர்மிளா பின்கட்டுக்கு மூச்சிரைக்க ஓடி வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"அக்கா, வேணாம்னு சொல்லிப் பாத்தேன். ஏன் அவங்களுக்குப் பரிஞ்சு பேசறேன்னு கேட்டாங்க. உங்க பேரைச் சொல்லாம என்ன பதில் சொல்றது? இப்ப போய் உண்மையைச் சொல்லிடட்டுமா?"

எல்லம்மா தலையில் மாட்டியிருந்த வலைத்தொப்பியைக் கழற்றினாள்.

"சொன்னா? பசங்க சரின்னுவாங்க. காண்ட்ராக்டரு? இன்னும் எத்தினி காலேஜு, எத்தினி கம்பெனி கேண்டீன் கீது அவன் கையில. காட்டிக்குடுத்தவன்னு பேராச்சுன்னா எவன் பாப்பா என்னைய சேத்துக்குவான்? கருங்காலின்னா பரவால்ல. வேற எடத்துல பாத்திரம் கழுவ வுடுவான்."

"அக்கா..."

"இங்க நிக்காத. யாராச்சும் பாத்துடப் போறாங்க. போயி உன் ஜனத்தோட நில்லு."

வாசலில் செக்யூரிட்டி உத்தமன் நாலு பேருடைய பைகளையும் வாங்கிக் கவிழ்த்தான். தினமும் செய்கிற சோதனைதான். ஆனால் இன்று இருபுறமும் போன்கள் உயர்ந்திருந்தன. நாகம்மாவின் சீப்பும், மாத்திரை அட்டையும், மடித்து வைத்த மாற்று ஜாக்கெட்டும் மேசையில் விழுந்தபோது எவனோ விசிலடித்தான். நாகம்மா அழுதுகொண்டே அவற்றை அள்ளினாள்.

பிள்ளைகள் தாளம் போட்டுக் கை தட்டி வழியனுப்பினார்கள். எல்லம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நடந்தாள். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனாலும் நிமிர்ந்து பார்த்துவிட்டாள். முன்வரிசையில், ரோஹித்துக்குப் பக்கத்தில் ஷர்மிளா நின்றிருந்தாள். சும்மா நின்றால் ஏனென்று கேட்பார்கள். அவளும் கை தட்டிக்கொண்டிருந்தாள்.