அருவி நின்ற குடில்

அருவி கொட்டிக்கொண்டேயிருக்கிறது, பெத்லகேமில் எந்தக் காலத்திலும் இல்லாத அருவி, ஜோன்பிள்ளை மாமா மோட்டார் வைத்து எங்கள் கோயிலின் கிறிஸ்துமஸ் குடிலுக்குள் இறக்கியது, கடவுள் எவ்வளவு சிறியவராக வந்தார் என்று காட்டத்தான் தென்னை உயரத்துக்கு மலை கட்டியிருந்தோம், குடில் போட்டியில் முதல் பரிசு நமக்குத்தான் என்று மாமா தோளில் கிடந்த பட்டு நேரியலை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கிறார், நடுவர்கள் வரப்போகிற மாலை, பாலன் இயேசு சுரூபத்தை நள்ளிரவுப் பூசையில்தான் கிடத்துவார்கள், அதுவரை முன்னணை, அந்த மாட்டுத் தீவனத் தொட்டி, வெறும் வைக்கோலோடு காலியாக இருக்கவேண்டும், இல்லை, காலியாக இல்லை, கோயில் பூனை அதில் குட்டி போட்டிருக்கிறது, ஈரம் காயாத குட்டிகள், தாய் அருவி இரைச்சலில் நடுங்கி, ஒன்றைக் கவ்வுவதும் வைப்பதுமாக, போக இடம் தெரியாமல்.

மாமாவுக்கு ஒரு பெருமை உண்டு, வருடாவருடம் கிறிஸ்துமஸ் நாடகத்தில் நிறைமாத மரியாளுக்கு இடம் மறுக்கும் சத்திரக்காரன் அவர்தான், இங்கே இடமில்லை, வெளியே போ என்று முழங்கினால் கடைசி வரிசைக் குழந்தை அழும், மரியாளாக நடித்த பெண்களெல்லாம் கல்யாணமாகிப் போய்விட்டார்கள், சத்திரக்காரன் மட்டும் மாறவில்லை, அதே தொண்டையில் இப்போது பூனையிடம், ஏ சனியனே, இங்க இடமில்ல, வெளிய போ, கையும் ஓங்கிவிட்டது, முற்றமே திரும்பிப் பார்க்கிறது, அவர் மனைவி செசிலி அத்தை சிரிக்கிறாள், ஏங்க, நாடகம் நாளைக்கில்லா, இன்னைக்கே ஆரம்பிச்சிட்டீகளா, எல்லாரும் சிரிக்கிறார்கள், ஓங்கிய கை அப்படியே நிற்கிறது, மாமா தன் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டவர்போல விழிக்கிறார்.

நடுவர் கார் வந்துட்டு மாமா, பூனையத் தூக்கிரவா, என்கிறேன் நான், வேண்டாம்ல, பெத்த உடம்பு, மோட்டார நிறுத்து, அருவியயா, பரிசு போயிருமே மாமா, போட்டும்ல, அது நடுங்குது பாரு.

போய்விட்டது, மேலத்தெருக் குடிலுக்குப் பரிசு, அங்கே மூன்று ஞானிகளும் ஹெலிகாப்டரில் இறங்கினார்கள், மாமாவை ஊதின பலூன் என்று கேலி செய்தே வளர்ந்த நான் பூசையில் அந்தப் பலூனைக் குத்துகிற ஊசியைத் தொலைத்துவிட்டு நின்றேன், பாலனை ஏந்தி வந்த சாமியார் பூனையும் குட்டிகளும் கிடந்த முன்னணையைப் பார்த்துத் திகைக்க, மாமா பட்டு நேரியலைத் தரையில் விரித்தார், இங்க இடமிருக்கு சாமி, என்றார், மேடைக் குரலில் இல்லை, பக்கத்தில் நின்ற எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது, உலகத்தைப் படைத்தவர் ஓர் அடி இடம் கேட்டு வந்து நிற்கிறார் என்று எத்தனையோ பிரசங்கத்தில் தூங்கித் தவறவிட்டதை அந்தத் தரையில் பார்த்தேன், இன்றைக்கும் எந்தக் குடிலின் முன்னால் போய் நின்றாலும், எத்தனை விளக்கு மினுக்கினாலும், எனக்குள் அந்த அருவி நின்றுகொண்டேயிருக்கிறது, அது ஓய்ந்து நின்ற இடத்தில், குட்டிகள் பால் குடிக்கிற சத்தம்.