பாதி குளுக்கோஸ்

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து மூத்த மருமகளுக்கு நாள் தள்ளிப்போனது. மாமியார் அவளைக் கால் தரையில் படாமல் பார்த்துக்கொண்டாள். அந்தக் கொண்டாட்டம் சரியாகப் பதினேழு நாள் நீடித்தது. பதினெட்டாம் நாள் காலை, கல்யாணமாகி நாலே மாதமான சின்ன மருமகள் குளியலறையிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "அத்தை, எனக்கும் அப்படித்தான் போல" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். மூத்தவளும் சிரித்தாள். ஆனால் ஒன்பது வருஷம் காத்திருந்து வாங்கிய இடத்தில் ஒருத்தி சும்மா வந்து உட்கார்ந்துகொண்டது போல இருந்தது அவளுக்கு.

மூத்தவளுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை. லென்ஸை ஃப்ரேமுக்கு ஏற்ற அளவில் தேய்த்துப் பொருத்த வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி. அந்தக் கறார் வீட்டிலும் அவளோடு இருந்தது. எத்தனை மணிக்கு முட்டை, எத்தனை மணிக்குப் பால், எவ்வளவு தூரம் நடை என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தாள். சின்னவள் ஒரு கூரியர் ஆபீசில் போன் எடுப்பவள். மேஜை டிராயர் முழுக்க பிஸ்கட். கணவன் தினமும் சாயங்காலம் ஐஸ்கிரீமோடு வருவான். அவள் சாப்பிட்டுவிட்டு விரலையும் நக்குவாள்.

ஆறு மாதம் ஆனபோது டாக்டரம்மா இருவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை எழுதிக் கொடுத்தாள். ஒரே நாளில் போய்விட்டு வாருங்கள் என்று மாமியார் அனுப்பிவைத்தாள்.

பரிசோதனைக்கூடத்தில் வெறும் வயிற்றில் முதலில் ரத்தம் எடுத்தார்கள். பிறகு நர்ஸ் ஆளுக்கொரு பெரிய தம்ளர் குளுக்கோஸ் தண்ணீரை நீட்டினாள்.

"அஞ்சு நிமிஷத்துக்குள்ள முழுசும் குடிச்சிடணும். ஒரு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை, ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு தடவை ரத்தம் எடுப்போம். நடுவுல வாந்தி வந்தா மறைக்காம சொல்லுங்க. இன்னொரு நாள் வந்து திரும்பச் செஞ்சுக்கலாம்."

மூத்தவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துமுடித்தாள். சின்னவளுக்குப் பாதியிலேயே குமட்டியது. அடுத்த அறையில் யாரோ கூப்பிட, நர்ஸ் எழுந்து போனாள். சின்னவள் சட்டென்று எழுந்து மிச்சத்தை வாஷ்பேசினில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டாள்.

"அக்கா, சொல்லிடாதீங்க. இன்னும் ஒரு வாய் உள்ள போனா குடலே வெளிய வந்துடும்."

"அடிப்பாவி" என்று மூத்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நர்ஸ் திரும்பி வந்தபோது இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆறு மாதத்தில் மூத்தவளுக்கு அவளைப் பிடித்திருந்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் முடிவு வந்தது. சின்னவளுக்கு எல்லாம் சரி. மூத்தவளுக்குச் சர்க்கரை கூடுதல்.

"இது நீங்க செஞ்ச தப்பு இல்ல" என்றாள் டாக்டரம்மா. "கர்ப்பத்துல சிலருக்கு உடம்பு சுரக்கிற இன்சுலின் பத்தாமப் போகும். ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் வரும். இப்பவே தெரிஞ்சதுதான் நல்லது. சாப்பாட்டைப் பிரிச்சுப் பிரிச்சுச் சாப்பிடுங்க, சாப்பிட்டதும் நடங்க, வீட்டுலயே விரல்ல குத்திப் பாத்து எழுதுங்க. குழந்தை நல்லா இருக்கும்."

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். "இவ கண்டதையும் தின்னுட்டுத் திரியிறா, ஒண்ணுமில்ல. நீ அளந்து அளந்து சாப்பிட்ட, உனக்குப் போய் இப்படியா?" இதில் மாமியாருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அந்த வார்த்தை மூத்தவளுக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது.

சின்னவள் கொட்டியது அவளுக்கு மறக்கவில்லை. பாதி குடித்தவளுக்கு வந்த முடிவு முடிவே இல்லை என்பதும் தெரியும். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. சொன்னால், தனக்கு வந்தது அவளுக்கும் வரட்டும் என்று பார்க்கிறாள் என்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பேசாமல் இருக்கிறோம் என்று தன்னையே நம்பவைத்தாள்.

உண்மை வேறாக இருந்தது. ஒரு மத்தியானம், தேய்க்கும் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது, மனசுக்குள் ஒரு குரல் தெளிவாகச் சொன்னது: "தெரியாமலே இருக்கட்டும். அவளும் ஒரு நாள் படட்டும்." கை தானாக நின்றது. யாராவது கேட்டிருப்பார்களோ என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு லென்ஸைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

ஐந்து வாரம் போனது. மூத்தவள் ஒரு நாளைக்கு நாலு தடவை விரலில் குத்திக்கொண்டாள். ஒரு கைப்பிடிச் சோறும் ஒரு தட்டுக் காய்கறியுமாகச் சாப்பிட்டுவிட்டு மொட்டைமாடியில் நடந்தாள். கீழே சின்னவள் ஐஸ்கிரீம் டப்பாவைச் சுரண்டும் சத்தம் கேட்கும். பஸ்ஸில் இருவரும் ஏறினால் சின்னவளின் பெரிய வயிற்றைப் பார்த்து முதலில் அவளுக்குத்தான் எழுந்து இடம் கொடுத்தார்கள். மூத்தவளின் கர்ப்பம் சேலை மடிப்பிலேயே ஒளிந்திருந்தது. ரெட்டைப் பிள்ளையா என்று எதிர்வீட்டம்மா சின்னவளைக் கேட்டபோது மூத்தவள் கதவைக் கொஞ்சம் பலமாகவே சாத்தினாள்.

அப்புறம் ஸ்கேன் வந்தது. சின்னவளின் குழந்தை மாதத்துக்கு மிஞ்சிய வளர்த்தி. மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. "புஷ்டியான பிள்ளை!" என்று போனில் சொந்தம் முழுக்கச் சொன்னாள். தாய்க்குச் சர்க்கரை கூடினால் வயிற்றில் குழந்தை அளவுக்கு மீறிப் பெருக்கும் என்று, ஆஸ்பத்திரியில் தனக்குக் கொடுத்த கையேட்டில் மூத்தவள் படித்திருந்தாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதும் அவள் சொல்லவில்லை. இன்னும் இரண்டு நாள் போனது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, சின்னவள் தண்ணீர் பாட்டிலோடு அவள் அறைக்கு வந்து கட்டிலில் சாய்ந்தாள்.

"அக்கா, தாகம் அடங்கவே மாட்டேங்குது. நடந்தா மூச்சு வாங்குது. அத்தைகிட்ட சொன்னா, பிள்ளை பெரிசு, அப்படித்தான் இருக்கும்ங்கிறாங்க. நீங்கதான் எல்லாம் படிக்கிறீங்களே, எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

அவள் கண்ணில் பயம் இருந்தது. இந்த வீட்டில் அவள் பயந்து மூத்தவள் பார்த்ததே இல்லை. மூத்தவள் எழுந்து தன் சர்க்கரை பார்க்கும் மிஷினை எடுத்தாள்.

"விரலை நீட்டு."

நூற்றுத் தொண்ணூற்று நாலு.

"மிஷின் தப்பாக் காட்டுதோ?"

"மிஷின் சரியாத்தான் இருக்கு. அன்னைக்கு நீ பாதியக் கொட்டுன. அதான் ஒண்ணுமில்லன்னு வந்துது. எனக்கு அப்பவே தெரியும்."

சின்னவள் எழுந்து உட்கார்ந்தாள். "தெரியுமா? அப்ப ஏன்க்கா சொல்லல?"

எத்தனையோ பதில் கைவசம் இருந்தது. மறந்துபோச்சு என்றிருக்கலாம், நீதானே சொல்லாதே என்றாய் என்றிருக்கலாம். மூத்தவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பொறாமை."

சின்னவள் கட்டிலிலிருந்து இறங்கினாள்.

"கொட்டுனது என் தப்பு" என்றாள் சின்னவள். "ஆனா நான் தெரியாம செஞ்சேன். நீங்க தெரிஞ்சு பாத்துட்டு இருந்தீங்க. ஒன்பது வருஷம் பிள்ளைக்கு ஏங்குனவங்க நீங்க." பாட்டிலை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் மூத்தவள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, கூப்பிடாமலே சின்னவள், கொழுந்தன், மாமியார் மூவரோடும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நடந்ததை டாக்டரம்மாவிடம் அவளே சொன்னாள், தன் பங்கையும் சேர்த்து. கொழுந்தன் அவளை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. டாக்டரம்மா சின்னவளை நன்றாகத் திட்டினாள். "கொட்டுனதைச் சொல்லியிருந்தா அடுத்த வாரமே திரும்ப எடுத்திருப்போமே" என்றாள். மூத்தவளிடம் எதுவும் சொல்லவில்லை. அதுதான் அதிகம் உறைத்தது. மறுபரிசோதனையில் எல்லா அளவுகளும் எகிறியிருந்தன. சின்னவளுக்கு இன்சுலின் ஊசி தொடங்கியது.

முதல் நாள் கொழுந்தன் ஊசியைக் கையில் எடுத்துவிட்டுக் குத்த மனசில்லாமல் திரும்ப வைத்துவிட்டான். சின்னவள் தானே குத்திக்கொள்ளப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு அழுதாள். கடைசியில் மூத்தவளின் அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஊசி போட மட்டும் வாங்க. நான் உங்ககிட்ட பேச மாட்டேன்."

"பேச வேண்டாம். உக்காரு."

பதினோரு நாள் அப்படித்தான் நடந்தது. பன்னிரண்டாம் நாள் மூத்தவள் மொட்டைமாடியில் நடந்துகொண்டிருந்தபோது சின்னவளும் படியேறி வந்தாள். மூச்சு வாங்கப் பக்கத்தில் நடந்தவள், "இந்த வேகவைச்ச பீன்ஸை எப்படித்தான் தினமும் தின்னீங்க?" என்றாள்.

"உன்னைத் திட்டிக்கிட்டே தின்னேன்."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு அடுத்த சுற்றுக்கு முன்னால் போய்விட்டாள்.

மூத்தவளுக்குப் பெண் பிறந்தது, மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. மூன்று வாரம் கழித்துச் சின்னவளுக்கு ஆண், அறுவைசிகிச்சையில். நாலு கிலோ. பிறந்த சில மணி நேரத்திலேயே குழந்தைக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்று சொல்லி, சிசு பராமரிப்பு அறைக்குக் கொண்டுபோய்க் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூத்தவள் தன் பிள்ளையை மாமியார் கையில் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

சின்னவள் கட்டிலில் விழித்தபடி கிடந்தாள். "அந்த அஞ்சு வாரம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா, இவன் அந்த ரூமுக்குப் போயிருக்க மாட்டான்லக்கா?"

"தெரியல" என்றாள் மூத்தவள். "போயிருக்க மாட்டானோ என்னவோ."

சின்னவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மூத்தவள் எழுந்து போகவில்லை. அன்று முழுக்கவும் மறுநாளும், தன் பிள்ளைக்குப் பால் கொடுக்க வீட்டுக்கு ஓடிய நேரம் போக, கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலிலேயே இருந்தாள்.

மூன்றாம் நாள் காலை குழந்தையின் சர்க்கரை நிலைத்துவிட்டது என்று நர்ஸ் தூக்கிக்கொண்டு வந்தாள். தையல் வலியில் சின்னவளால் நிமிர முடியவில்லை. "அவங்ககிட்ட குடுங்க" என்றாள், முகத்தைத் திருப்பாமலே.

மூத்தவள் கை நீட்டி வாங்கினாள். தன் மகளைவிடக் கனம், தலைமுடியும் அடர்த்தி. அதைக் கவனித்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. குழந்தை வாயைத் திறந்து வீறிட்டது. "பசிக்குதுடி இவனுக்கு, மெதுவா இந்தப் பக்கம் திரும்பு" என்று சொல்லி, சின்னவளின் முதுகுக்குத் தலையணையை முட்டுக்கொடுத்தாள்.