வெள்ளை விரித்த மேசை

மெற்றில்டா சின்ன மேசையைக் கட்டிலோரம் இழுத்து வெள்ளைத் துணி விரித்தாள். நடுவில் பாடுபட்ட சுரூபம், இரு பக்கமும் மெழுகுதிரி, ஒரு கிண்ணத்தில் தீர்த்தம். சாகக் கிடப்பவருக்கு அவஸ்தை பூசி நற்கருணை கொடுக்க ஃபாதர் வரும் வீட்டில் மேசை அப்படித்தான் இருக்கும். ஆஸ்பத்திரி கைவிட, நேற்று வீடு வந்த அவள் புருஷன் சவிரியான் தலையைத் திருப்பி அதைப் பார்த்தான்.

“ஃபாதருக்கு ஃபோன் எடுத்தியா?”

“முதல்ல என்னட்ட சொல்லுங்க. பிறகு எடுக்கிறன்.”

“பாவசங்கீர்த்தனத்தில சொல்றன்.”

“ஓம். அவர் மன்னிச்சிருவார், வெளியில சொல்லவும் மாட்டார். உங்களுக்கு மோட்சம். எனக்கு?”

பதினொரு வருடங்களுக்கு முன், படுக்கையில் கிடந்த மாமியைப் பார்க்கத் தங்கை றொசலினை வைத்துவிட்டு அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். திரும்பி வந்தபோது றொசலின் சிலாபத்துக்குப் போயிருந்தாள். கடிதம்கூட இல்லை. கேட்ட போதெல்லாம் சவிரியான், தங்களுக்குள் ஒன்றுமில்லையென்று இதே சுரூபத்தைத் தொட்டுச் சத்தியம் பண்ணினான்.

அவள் கரண்டியால் தண்ணீர் பருக்கினாள். வழிந்ததைத் துடைத்தாள். மத்தியானம் அவன் வாய் திறந்தான்.

“ஓம். றொசலினோடதான். அவள் பயந்தவள். நான்தான் விடேல்ல.”

“எவ்வளவு நாள்?”

“நீ வாறாய் எண்டு தெரியும் வரைக்கும்.” மூச்சு வாங்கினான். “இப்ப எடு, புள்ள.”

அவள் ஃபோனோடு வெளியே வந்தாள். பக்கத்து வீட்டு நளீர் த்ரீவீலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“மெற்றில்டாக்கா, நான் போய் ஃபாதரைக் கூட்டிக்கொண்டு வரவா? பத்து நிமிஷம்.”

திரையில் ஃபாதரின் நம்பர் இருந்தது. பெருவிரல் அதன் மேலேயே நின்றது.

“ஃபாதர் தலவிலைக் கோவிலுக்குப் போயிட்டாராம் தம்பி. பின்னேரந்தான் வருவாராம்.”

எவ்வளவு சாதாரணமாக வந்துவிட்டது அந்தப் பொய். ஃபோனை நிறுத்தி அரிசி வாளிக்குள் போட்டு மூடினாள்.

“வாறாராம்,” என்றாள் உள்ளே வந்து. சவிரியான் சிரிக்கப் பார்த்தான். அவள் அவனுக்குத் தலை வாரினாள், தலையணை உறையை மாற்றினாள், காலைப் பிடித்துவிட்டாள். ரோட்டில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும் போதெல்லாம் அவன் தலை உயர்ந்தது.

“அவரா?”

“இன்னும் கொஞ்ச நேரம்.”

மூன்று மணிக்கு இன்னொரு முறை உயர்ந்தது. மீன்காரனின் ஹோர்ன் கேட்டது. தலை தலையணையில் விழுந்தது, கண்கள் வாசலிலேயே நின்றன. அவள்தான் மூடினாள்.

நளீர் போய்ச் சொல்லி ஃபாதர் ஓடி வந்தார். மேசையைப் பார்த்து நின்றார்.

“எல்லாம் ஆயத்தமா வச்சிருக்கிறீங்க. காலையிலிருந்து கோவில் அறைவீட்டிலதானே இருந்தன். ஏன் சொல்லேல்ல?”

நளீர் அவளைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

“லைன் கிடைக்கேல்ல, ஃபாதர்.”

“பரவாயில்ல. நாளைக்குப் பூசைக்கு முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு வாங்க. மனசுக்கு ஆறுதலா இருக்கும்.”

“எனக்குச் சொல்ல ஒண்டுமில்ல, ஃபாதர்.”

மறுநாள் அடக்கப் பூசைக்குக் கோவில் நிறைந்திருந்தது. நற்கருணை வாங்க விதவைக்கு எல்லோரும் வழிவிட்டார்கள். அவள் நாக்கை நீட்டி வாங்கினாள். வந்து முழங்காலில் நின்று வெள்ளைக் கைலேஞ்சியை வாயில் வைத்தாள். அழுகிறாள் என்று பக்கத்திலிருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நாக்கில் ஒட்டியிருந்த அப்பத்தை லேஞ்சிக்குள் எடுத்து நாலாக மடித்தாள்.

சேமக்காலையில் ஃபாதர் குழிக்குள் மண் போட்ட பிறகு அவள் குனிந்தாள். வலது கையில் ஒரு பிடி கடல் மண். இடது கையையும் சேர்த்து விரித்தாள். மடித்த லேஞ்சி பெட்டியின் மேல், நெஞ்சுப் பக்கமாக விழுந்தது.

“அழுத லேஞ்சியையும் அவனுக்கே குடுத்திட்டா,” என்றது பின்னால் ஒரு குரல்.

ஆண்கள் மண்வெட்டியை எடுத்தார்கள். யாரோ தோளைப் பிடித்து இழுத்தார்கள். வெள்ளை முழுதாக மறையும்வரை அவள் நகரவில்லை.