சீட்டில் விழுந்த சாலை

டெண்டர்கூட விடாத இணைப்புச் சாலை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தனக்கோடியின் இறால் களத்தில் வந்து படுத்திருந்தது. பதினெட்டடி அகலம், நல்ல கறுப்புத் தார், நடுவில் வெள்ளைக்கோடு. ஒரு முனை ஏரிக்கரையில் புதிதாக எழும்பியிருந்த வில்லா மனைப்பிரிவின் கேட்டிலும், மறுமுனை பழவேற்காடு பஸ் போகும் மெயின்ரோட்டிலும் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. முந்தின நாள்தான் ரேஷன் கடைச் சுவரில் சாலையின் வரைபடத்தை ஒட்டி, ஆட்சேபணை இருந்தால் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். கோட்டைக்குப்பத்தை ஒட்டிய அந்தக் குப்பத்தில் மொத்தம் நாற்பத்திரண்டு வீடுகள். மற்ற நாற்பத்தொரு வீட்டுக்காரர்களும் சாலையைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. தனக்கோடி எப்போது சாலைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள் என்றுதான் கேட்டார்கள்.

அவள் போடவில்லை. புருஷன் பூவரசன் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அந்தக் களம்தான் அவளுக்கும் மகள் நிவேதாவுக்கும் சோறு. படகில் வரும் இறாலை வாங்கிக் காயப்போட்டுப் பொன்னேரிக்குக் கொண்டுபோவாள். அன்றைக்குக் களம் தாருக்கு அடியில் போனதில் ஒரு கூடை இறால் நாறிப்போனது. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். குழாயடியில் பக்கத்து வீட்டு மாலா தன் குடத்தை அவள் குடத்தைவிட்டுத் தள்ளி வைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

புதன்கிழமை சாலை மாலா வீட்டு வாசலில் கிடந்தது. வியாழக்கிழமை தினகரனின் வலைக் கொட்டகையை மறித்துக்கொண்டு கிடந்தது. அவன் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தும் ஒருவரும் நம்பவில்லை. பத்து நாளில் குப்பத்தில் கால்வாசிப் பேர் துரோகிகளாகிவிட்டார்கள். மாமனும் மச்சானும் ஒரே படகில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து போனார்கள். வீட்டில் பேனா இருப்பதே குற்றம் என்றாகி, பிள்ளைகள் பென்சிலில் வீட்டுப்பாடம் எழுதின. இதற்கு நடுவில் சர்வேயர் வந்தார். சாலை தானாகவே வந்தது நல்லதாகப் போயிற்று, பதினைந்தாம் தேதி எங்கே கிடக்கிறதோ அங்கேயே கல் நட்டு நிரந்தரமாக்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஆளாளுக்குத் தம் வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார்கள். விளக்குமாற்றால் சாலையை அடுத்த வீட்டுப் பக்கம் தள்ளிப் பார்த்தவர்களும் உண்டு.

ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை விரிப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவுசெய்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். எந்த நாள் யார் வீட்டில் என்று சாலைக்கும் பாடு குலுக்கிவிடலாம் என்றார் ஊர்த்தலைவர் உலகநாதன். பாடு நோட்டில் குடும்பத்து ஆம்பளை பெயர் மட்டும்தான் இருக்கும். பூவரசன் போனதும் அவன் பெயரை அடித்துவிட்டார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் தனக்கோடி போய்க் கேட்பாள், பார்க்கலாம் என்பார்கள், அதோடு சரி. இந்த முறையும் அவள் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றாள். நாற்பத்தொரு பேரும் நல்ல நாளை எடுத்துக்கொண்டு, கல் நடும் நாளைத் தன் தலையில் கட்டப்போகிறார்கள் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பானையிலிருந்து வந்த சீட்டில் பதினைந்தாம் தேதி உலகநாதனுக்கே விழுந்தது. அவள் வீட்டுச் சீட்டு வரவேயில்லை.

"எங்க வூட்டுச் சீட்டு?"

"உன் பேரு நோட்டுல இல்லியே" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

சாலை சீட்டின்படி நடந்துகொண்டது. பதினைந்தாம் தேதி உலகநாதன் வீட்டில் கிடந்தது, சர்வேயர் கல் நட்டார். பதினாறாம் தேதி தினகரன் வீட்டுக்குப் போனது, கல்லும் கூடவே போயிருந்தது. மூன்று முறை அளந்துவிட்டு சர்வேயர், சாலை உபயோகத்தில் உள்ளது என்று எழுதி ஃபைலை மூடினார். மனைப்பிரிவு வாட்ச்மேன் தினமும் காலையில் போன் போட்டு, இன்றைக்கு யார் வீட்டில் என்று கேட்டுக்கொண்டான். தனக்கோடி முதல் சுற்று முழுக்க, விடியும்போது களத்தில் விளக்குமாற்றோடு காவல் நின்றாள். நாற்பத்தொரு நாளும் சாலை அவள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது சுற்றில் ஊர் வேறு மாதிரி பேசியது: இவள் செய்வினை வைத்துச் சாலையைக் கட்டிப்போட்டுவிட்டாள்.

ஒருநாள் உலகநாதன் நோட்டோடு களத்துக்கே வந்தார்.

"உன் பேரையும் எழுதிக்கலாம்னு ஊர்ல முடிவாயிருக்குது தனக்கோடி."

அவள் இறாலைக் கிளறுவதை நிறுத்தவில்லை. "இன்னாத்துக்கு மாமா? ஏரிக்கா, ரோட்டுக்கா?"

"ரோட்டுக்கு மட்டும்தான்."

"நோட்டு ஒண்ணுதானே? ஒம்போது வருசமா அதுல எடமில்லனு சொன்னீங்க. இப்ப மட்டும் எப்டி வந்துச்சு? எழுதுனா ரெண்டுக்கும் எழுதுங்க. இல்லாங்காட்டி எறாலை மிதிக்காம அப்டிக்கா போங்க."

அவர் போய்விட்டார். நாலு நாள் நாற்பத்தொரு பேரும் கூடிக் கூடிப் பேசினார்கள். ஏரியில் ஒரு பங்கு குறைவதா, ஒருத்தி மட்டும் சாலை இல்லாமல் நிம்மதியாக இருப்பதா என்று பார்த்ததில், இரண்டாவதைத்தான் யாராலும் தாங்க முடியவில்லை. ஐந்தாம் நாள் நோட்டு திரும்பி வந்தது. தனக்கோடி அந்த வரியை இரண்டு முறை படித்தாள், நிவேதாவையும் ஒருமுறை படிக்கச் சொன்னாள், அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். அந்த நோட்டில் ஏறிய முதல் பெண் பெயர் அது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உலகநாதன் எதிரில் அழ மனமில்லாமல் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஏரியில் அவளுக்கு முதல் பாடு வந்த அன்று அவள் தம்பி சரவணன் வலை விரித்தான். எல்லோருக்கும் விழுகிற அளவு இறால் அவளுக்கும் விழுந்தது. அடுத்த வாரம் அவள் களத்துக்குச் சாலை வந்தது. தனக்கோடி குனிந்து தாரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பெருக்கி, வெள்ளைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் முழுக்க இறாலைப் பரப்பினாள். மாலா தன் கூடையோடு வந்து ஓரமாக நின்றாள். தனக்கோடி கோட்டுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினாள். மண் களத்தில் இரண்டு நாள் காய வேண்டிய இறால் தாரில் மத்தியானத்துக்குள் காய்ந்துவிட்டது. மனைப்பிரிவுக் கார்கள் அதுவரை கேட்டிலேயே நின்றன.