பத்தொன்பதாம் எண் வீட்டு வாடகை

சுண்ணாம்புக்குளம் சாலையில் புதிதாக வந்த குடியிருப்பில், பத்தொன்பதாம் எண் வீட்டுக்குள் ஒரு நாள் கழிந்தால் வெளியே ஒரு மாதம் கழிந்துவிடும். அங்கே அடித்த பெயிண்ட் பதினைந்து நாள் ஆகியும் கையில் ஒட்டியது. ஜன்னல் வெயிலும் வீட்டுக் கணக்கிலேயே நகர்ந்ததால் உள்ளே இருப்பவருக்கு எதுவும் தெரியாது. குழாய்த் தண்ணீரில் எவ்வளவு உப்பு, ரயிலடிக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்து அந்தக் குடியிருப்புக்கே வாடகை சொல்கிற புரோக்கர் கோமளாவுக்கு, இந்த ஒரு வீட்டுக்குத்தான் மதிப்பு வாயில் வரவில்லை.

அதில் குப்பன் இருந்தார். ஏரியில் இறால் பிடித்தவர். நுரையீரல் கெட்டு, இன்னும் மூன்று மாதம் என்று டாக்டர் சொன்னபோது, ஆஸ்பத்திரி பக்கமாயிற்றே என்று மனைவி அமுதவல்லி அங்கே கூட்டிவந்தாள். ஐந்து வருடமாயிற்று. குப்பனுக்கு அறுபதாவது நாள். அமுதவல்லி வெளியே ஓர் அறையில் தங்கி, பொன்னேரி மார்க்கெட்டில் மீன் விற்று வாடகை கட்டினாள். பத்து நாளைக்கு ஒரு முறை சோற்றோடு உள்ளே போவாள். பத்து நிமிடம் உட்கார்ந்தால் வெளியே ஐந்து மணி நேரம் ஓடி மீன் அழுகிவிடும். வேளாவேளைக்குச் சோற்றை வைத்துவிட்டு ஓடுகிறாளே என்று குப்பன் குறைப்படுவார். தன்னைப் பற்றிய கவலையில் அவள் தலை நரைக்கிறதென்றே நினைத்தார். வெளியே வருடங்கள் ஓடுவதை அவள் அவரிடம் சொல்லவில்லை.

சென்னையிலிருந்த வீட்டுக்காரர் ரஞ்சித்குமாருக்கு விஷயம் ஐந்தாம் வருடம்தான் எட்டியது. மூன்று மடங்கு கொடு, இல்லையென்றால் காலி செய் என்றார். வெளியே வந்தால் குப்பனுக்கு ஒரே மாதம். கோமளா சொல்கிற தொகைக்கு இருவரும் கட்டுப்படுவதென்று பேச்சானது. தன்னுடைய வேறு பன்னிரண்டு வீடுகளையும் கோமளாதான் வாடகைக்கு விடுகிறாள் என்பதை ரஞ்சித்குமார் அவளுக்கு நினைவுபடுத்தினார்.

அமுதவல்லியோடு மூவரும் உள்ளே போனார்கள். கோமளா குழாயைத் திறந்து தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தாள். சுவரைத் தட்டினாள். மாத்திரை அட்டையோடு கட்டிலில் இருந்தவரையும், வாசலருகே கூடையைக் கீழே வைக்காமல் நின்றவளையும் பார்த்தாள்.

"பக்கத்து வீட்டு வாடகைதான் சார். அதுக்கு மேல ஒத்த ரூபா வராது. நேரம் நிக்கிறது அவருக்கு. வாடகை கட்டறவளுக்கு நிக்கல. அஞ்சு வருசம் வெளிய கிழவி ஆயிட்டா."

ரஞ்சித்குமார் கோபத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். குப்பன் கையமர்த்தினார்.

"இன்னா சொல்ற? அஞ்சு வருசமா?"

அமுதவல்லி தலை குனிந்தாள். குப்பன் அவள் நரையை வெகுநேரம் பார்த்தார். வெளியே இரண்டு நாள் போயிற்று. பிறகு சட்டையை எடுத்து மாட்டினார்.

"வாணாம்யா, இங்கயே இரு," என்றாள்.

"எனக்கு இன்னும் ஒரு மாசம் கீது. அத்த உன்கூட இருந்து தீத்துக்கறேன். நட."

வாசலைத் தாண்டினார். அமுதவல்லி கூடையோடு பின்னால் நடந்தாள். ஏரிக்கரையில் அவருடைய பழைய வீட்டில் முப்பத்தேழு நாள் இருந்தார். அத்தனை நாளும் அமுதவல்லி மார்க்கெட்டுக்குப் போகவில்லை.

கோமளாவின் கையைவிட்டுப் பன்னிரண்டு வீடுகள் போயின. மூன்று மடங்கு தர ஆள் வராததால், மறு வருடம் ரஞ்சித்குமாரே அவளைக் கூப்பிட்டுப் பத்தொன்பதாம் எண்ணை ஒப்படைத்தார். இப்போது ஜான்சன், ஜெஸ்ஸி என்று ஒரு பென்ஷன் தம்பதி இருக்கிறார்கள். இருவரும் உள்ளேயே இருப்பார்களா என்று மட்டும் கோமளா கேட்டாள். அவர்களுக்குத் தினமும் ஒன்றாம் தேதி, தினமும் பென்ஷன். காலையில் காப்பி குடித்து முடிப்பதற்குள் வாடகைக்கு வந்து நிற்கிறார்கள் என்பதைத் தவிர வீட்டைப் பற்றி ஒரு குறையும் சொல்வதில்லை.