மயானத்துக்குப் போகும் பாதை

அப்பாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி தளர்ந்திருந்தது. நிருஷா குனிந்து அதை இறுக்கிக்கொண்டிருந்தபோது பிரதேச சபை உறுப்பினர் சிவதர்ஷன் மாலையோடு வந்தார்.

“ஐயா எங்களோட கோட்டில மல்லுக்கட்டினவர்தான். அதுக்காகச் செத்த வீட்டில கோபம் பாக்கலாமா?” அண்ணன் ஜெயரூபனின் தோளில் கைவைத்தார். “ஆராவது வந்து ஒரு வார்த்தை கேளுங்க தம்பி. கேற்றைத் திறந்து விடச் சொல்றன்.”

வாவிக்கரையால் மயானத்துக்குப் போகும் ஊர்ப்பாதையைச் சபை இறால் பண்ணைக்குக் குத்தகைக்குக் கொடுத்திருந்தது. பண்ணைக்காரர் வேலியடைத்துக் கேற் போட்டார். அப்பா சபையின்மேல் வழக்குப் போட்டார். தீர்ப்பு வரும்வரை யாரும் அனுமதி கேட்டு அந்தப் பாதையால் போகக்கூடாது என்று வீடு வீடாகச் சொன்னார். அதன்பிறகு செத்தவர்களை எல்லாம் வாவிச் சேற்றுக்குள்ளால்தான் தூக்கிப் போனார்கள்.

“செத்தும் அழகரத்தினத்துக்கு வழக்குத்தான்” என்று பந்தலுக்குள் யாரோ சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள்.

பக்கத்து வீட்டுப் புஸ்பம் சிரிக்கவில்லை. “என்ட மனிசனையும் சேத்துக்குள்ளாலதான் கொண்டு போன. இவர்தான் முன்னுக்குப் பிடிச்சவர்.”

நிருஷா குசினிக்குள் போய்ச் சட்டத்தரணி ஷாகிராவுக்கு ஃபோன் எடுத்தாள்.

“கேட்டுப் போகாதீங்க நிருஷா. இது ஊருக்குரிய பாதை எண்டுதான் நாம சொல்றம். சபை, அனுமதி எடுத்துத்தான் ஆக்கள் போனவங்க எண்டு சொல்லுது. இண்டைக்கு அவர்ர மகனே கேட்டா, அதைத்தான் கோட்டில காட்டுவாங்க. வழக்கு அதோட முடிஞ்சிரும்.”

அண்ணனிடம் அப்படியே சொன்னாள். அவன் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“மழை பெஞ்சு இடுப்பளவு கிடக்கு.”

“ஊராக்களும் மாரி மழைக்குள்ளதானே கொண்டு போன.”

“சரி. கேக்கமாட்டன். சேத்தாலயே போவம்.”

பாடை தூக்கப்பட்டது. பெண்கள் படலையோடு நின்றுவிட்டார்கள். அம்மாவை உள்ளே கூட்டிப்போய் இருத்திவிட்டு, நிருஷா கிணற்றடிக்குப் போனாள். சேற்றோடு வருகிறவர்களுக்கு ஒரு வாளி காணாது. புஸ்பம் அள்ளிக் கொடுக்க, படலையடியில் வைத்த பெரிய பீப்பாவை நிரப்பினார்கள்.

நினைத்ததைவிட வெள்ளென வந்துவிட்டார்கள். முன்னால் வந்த ஜெயரூபனின் வேட்டி கரைவரைக்கும் வெள்ளையாக இருந்தது. செருப்பைக் கழற்றினான்.

புஸ்பம் ஆண்களின் கால்களைப் பார்த்தாள். பிறகு தன் வளவுக்குப் போனாள்.

நிருஷா கோப்பையில் அள்ளி அண்ணனின் காலில் ஊற்றினாள்.

“போதும், நிருஷா” என்றான்.

அவள் மறுபடியும் அள்ளினாள்.