விண்ணப்பத்தில் எழுதிய ‘ஆம்’

இருபது வருஷத்துக்கு முன், நர்சிங் பள்ளி விண்ணப்பத்தில் ‘தண்டனை பெற்றதுண்டா?’ என்ற கேள்வியைப் பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை.

“இல்லைன்னு எழுதுடி. யாரு தோண்டிப் பார்க்கப் போறா?” என்றாள் அக்கா.

நான் ‘ஆம்’ என்று எழுதினேன்.

நேர்காணலில் முதல்வரம்மா கண்ணாடியைக் கழற்றினார். “என்ன பண்ணினே?”

“கடையில நகை திருடினேன்மா. எட்டு மாசம் ஜெயில்ல இருந்தேன். அங்க மருந்தறையில கட்டுப் போடக் கத்துக்கிட்டேன்.”

அவர் ஒரு பேண்டேஜ் சுருளை எடுத்துக் கொடுத்துக் கையை நீட்டினார். “எங்கே, போட்டுக் காட்டு.”

நடுங்காமல் சுற்றி முடித்தேன்.

“சரியாத்தான் போட்டிருக்கே. திங்கட்கிழமை லேட்டா வந்தா தொலைச்சுடுவேன்” என்றார்.

வாசற்படியில் நின்ற அக்கா என் கண்ணீரைப் பார்த்து, “விடுடி, வேற பள்ளிக்கூடமா இல்லை?” என்று அணைத்துக்கொண்டாள். விஷயத்தைச் சொன்னதும் அவளும் அழுதாள்.

அந்தப் படியில் அவளோடு இன்னொரு முறை நிற்க மனசு ஏங்குகிறது.